அப்டேட்: பிஏபி (பரம்பிக்குளம் ஆழியாறு திட்டம்) கடைமடைக்கு தண்ணி வந்துருச்சுங்க

பாசன நிலத்த மண்டலமா பிரிச்சு மாத்தி மாத்தி தண்ணி விடுவாங்க, எங்க மண்டலத்துக்கு தண்ணி திறந்தாலும் எங்க கிளை வாய்க்கால் கடைசி மடைக்கு வர்றதே இல்ல, என்ன பண்றதுன்னு போன தடவ தண்ணி விட்டப்போ இங்க கேட்டிருந்தேன். பதில் போட்ட எல்லாருக்கும் நன்றிங்க.

வாராபந்தி, அதாவது நேரம் குறிச்சு முறை வச்சு தண்ணி பாய்ச்சுறது, அத பத்தி சொன்னவரோட யோசனைதான் ஒர்க்கவுட் ஆச்சு. பஞ்சாப், ஹரியானா பக்கம் வாரம் 168 மணி நேரத்த ஏக்கர் கணக்குல பிரிச்சு ஆளுக்கு இவ்ளோ நேரம்னு குடுப்பாங்க, காஞ்ச வாய்க்கால் நிரம்புற நேரத்த மொத்தத்துல பொதுவா கழிச்சுருவாங்க, தனியா யார் பங்குலயும் கழிக்கமாட்டாங்க. எங்க சண்டையே அங்கதான், கடைமடைக்காரர் முறை வந்து மம்முட்டியோட நிப்பாரு, தண்ணி வந்து சேர்றதுக்குள்ள முறை முடிஞ்சிருக்கும். இப்ப பாசன சபையில பேசி முறை கடைசி மடையில இருந்து மேல ஏறி வர்ற மாதிரி மாத்திட்டோம், அங்க தண்ணி தொட்டப்புறம்தான் கடிகாரம் ஓடும்.

தலைமடைக்காரங்க ஒத்துக்க மாட்டாங்கன்னு நெனச்சேன், ஆனா ஒவ்வொரு சுத்துக்கும் முறைய 12 மணி நேரம் தள்ளி வச்சதுல ராத்திரி முறை எல்லாருக்கும் மாறி மாறி வருது, அதுக்கே சரின்னுட்டாங்க.

எதிர்பாராதது ஒண்ணு, பாதி தண்ணிய தடுத்தது ஆளுங்க இல்ல, குறுக்குப் பாலத்துக்கு அடியில அடைச்சிருந்த கோரையும் பாட்டிலும்தான். அள்ளினதும் கீழ தண்ணி ஒரு சாண் ஏறிடுச்சு.

கேஸ் போடுங்கன்னு சொன்னவங்களுக்கு, அது இப்போதைக்கு தேவைப்படல. ராத்திரி வாய்க்கால்ல ஹோஸ் போட்டு தண்ணிய திருட்டுத்தனமா உறிஞ்சுறது மட்டும் இன்னும் நிக்கல, அதுக்கு வழி தெரிஞ்சா சொல்லுங்க.