காலேஜ் வாலிபால் கேம்ப்புக்குப் பணம் கட்டலாமா?

மேலூர்க்காரன்:
மகள் பிளஸ் ஒன், வாலிபாலில் செட்டர் (அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவள்). மே மாதம் ஒரு தனியார் கல்லூரி கேம்ப் போடுகிறது. கட்டணம் 6,000 ரூபாய், சாப்பாடு தனி. ‘நல்லா ஆடினா ஸ்போர்ட்ஸ் கோட்டா சீட் பாத்துக்கலாம்’ என்று போனில் சொன்னவர்கள், எழுதித் தரச் சொன்னால் மழுப்புகிறார்கள். அனுப்பலாமா?

உசிலம்பட்டி பி.டி. வாத்தியார்:
சீட்டுக்காக என்றால் வேண்டாம் அண்ணே. கேம்ப் சான்றிதழ் சுவரில் மாட்டத்தான் ஆகும். பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு 500 இடம் உண்டு. அங்கே பார்ப்பது போட்டிச் சான்றிதழை. பள்ளிக் கல்வித்துறையின் பாரதியார் தின, குடியரசு தினப் போட்டிகளை விடாமல் ஆடட்டும். மாநில அணியில் இடம் கிடைத்தால் அதன் மதிப்பே வேறு. கலைக் கல்லூரிகளில் கோச் கண்ணில் படுவது உதவும், மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் ஆள் எடுப்பது பெரும்பாலும் பிளஸ் டூ முடிந்தபின் வைக்கும் செலக்‌ஷனில்தான்.

திருமங்கலம் அம்மா:
என் பையன் போன கேம்ப்பில் வலை இரண்டு, பிள்ளைகள் எண்பது பேர். பந்து கைக்கு வருவதற்குள் வெயில் உச்சிக்கு ஏறிவிடும். ஆனாலும் எதிரணி அடியைத் தடுக்க, பிளாக்குக்கு எழும்பும்போது கையை வலையில் இடிப்பான். அதை ஒரு கோச் திருத்திவிட்டார். பெரிய கோச் கூடவே நிற்பாரா, இல்லை சீனியர் பையன்களை விட்டுச் சொல்லித் தருவார்களா என்று முதலில் கேளுங்கள்.

மேலூர்க்காரன்:
கேட்டேன்க்கா, ‘வந்து போவார்’ என்கிறார்கள்! மதுரை ரேஸ்கோர்ஸ் ஸ்டேடியத்தில் விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் கோடைப் பயிற்சி இருக்கிறதே, அங்கே செட்டிங் தனியாகச் சொல்லித் தருவார்களா?

உசிலம்பட்டி பி.டி. வாத்தியார்:
காலை ஆறு மணிக்குப் பிள்ளையோடு போய் நேரிலேயே பாருங்கள். ஷூ மறக்காதீர்கள்.