சீட் துணியில் பிடித்த பசை: நீங்க எப்படி எடுத்தீங்க?

ஒத்தக்கடை டாக்சி

வைகாசி முகூர்த்தத்துல நம்ம வண்டி கல்யாணத்துக்குப் போச்சு. மாட்டுத்தாவணிப் பூவை பானட்ல கட்டினதோட விட்டிருந்தா வம்பே இல்ல. அலங்காரம் பண்ண வந்த பசங்க பொண்ணு மாப்பிள்ளை பேரைத் தெர்மாகோல்ல வெட்டி, முன் சீட்டோட முதுகுல ஃபோம் டபுள் டேப்பைப் போட்டு ஒட்டிட்டாங்க. உள்ள எடுக்கிற போட்டோவுலயும் பேரு தெரியணுமாம். வண்டி மண்டப வாசல்ல வெயில்லயே நின்னுச்சு. அப்புறம் பிய்ச்சா ஃபோம் மட்டும் கையோட வருது, பசை துணி நெசவுக்குள்ள இறங்கி உக்காந்துக்கிச்சு. நம்மூர்ப் புழுதிக்குச் சொல்லணுமா, அடுத்த சவாரிக்குள்ள அந்த இடம் பூரா கரும்பட்டை.

தம்பி சோப்புத் தண்ணி வாளியோட வந்தான். வேணாம்டான்னுட்டேன். அந்தப் பசை தண்ணிக்குக் கரையாது. நனைச்சுத் தேய்ச்சா அழுக்கும் பசையும் கலந்து அகலமாப் பரவுறதுதான் மிச்சம். காலாவதியான ஏடிஎம் கார்டு ஒண்ண எடுத்து, ஓரத்துலேர்ந்து நடுவாக்குல பைய சுரண்டினேன். இதை வெயில் ஏறுறதுக்கு முந்தியே செஞ்சிரணும். சூடேறிட்டா பசை நூலா இழுக்கும், சுரண்ட வராது. ஐஸ் கட்டியைக் கவர்ல போட்டு மேல கொஞ்ச நேரம் வச்சா இன்னும் கெட்டிப்படும்.

மிச்சத்துக்கு, கொடைக்கானல் சவாரியில வாங்கின யூகலிப்டஸ் தைலம். வெள்ளைத் துணியில தொட்டு ஒத்தி, கொஞ்சம் ஊறவிட்டு மறுபடி ஒத்தினா பசை உருண்டு திரண்டு வந்துச்சு. வண்டிக்குள்ளதான் சளி பிடிச்ச வீடு மாதிரி ஒரே தைல வாசம். உங்க அனுபவத்தையும் போடுங்க, அடுத்த முகூர்த்தம் நெருங்குது.

செல்லூர் மொபைல் சர்வீஸ்

அண்ணே, தைலம் வேலை செய்யும், மறுக்கல. அதுவாவது பெரும்பாலும் ஆவியாப் போயிரும். இதைப் படிச்சிட்டு யாராவது தேங்காய் எண்ணெயை ஊத்தப் போறாங்க, அதான் பயம். எண்ணெய் பசையை இளக்கும், ஆனா அது துணியை விட்டுப் போகாது. பாத்திரம் விளக்குற லிக்விட்ல ஒரு சொட்டைத் தண்ணியில கலக்கி, அந்த நுரையால எண்ணெயையும் எடுத்தாத்தான் வேலை முடிஞ்ச மாதிரி. இல்லன்னா பசைக் கறை போய் எண்ணெய்க் கறை, அதுல மறுபடி புழுதி.

எங்க கடையில பேட்டரிக்கு அடியில இருக்கிற பசைக்கு ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால்தான். மொபைல் ஸ்பேர்ஸ் விக்கிற கடையில கேட்டா குடுப்பாங்க. அக்காவோட வண்டியில பார்சல் டேப் ஒட்டின இடத்தை அதை வச்சுத்தான் எடுத்தேன். சீட்ல நேரா ஊத்தப்படாது. துணியை நனைச்சு பசை மேல அழுத்தி வைக்கணும். பசை கொஞ்சம் ஊறிப் பிடி விட்டதும் எடுத்துட்டு, துணியோட சுத்தமான பக்கத்தைத் திருப்பிக்கணும். அழுக்கான பக்கத்தாலயே ஒத்தினா எடுத்த பசையைத்தான் திரும்பப் பூசுறோம். சட்டுனு காயுற சாமான், அதனால பொறுமையாத் திரும்பத் திரும்ப வைக்க வேண்டியதுதான். சீட்டுக்கு அடியில கண்ணுக்குத் தெரியாத மூலையில முதல்ல தொட்டுப் பாருங்க, சாயம் வெள்ளைத் துணியில ஏறுதுன்னா அதோட நிறுத்திருங்க. கதவு நாலும் திறந்திருக்கணும், பக்கத்துல நெருப்பு ஆகாது.

ஒத்தக்கடை டாக்சி

கொரோனா நேரத்துல வாங்கின சானிடைசர் ஒரு கேன் அப்படியே கிடக்கு. அதுவும் ஆல்கஹால்தானே, ஆகுமா தம்பி?

செல்லூர் மொபைல் சர்வீஸ்

தண்ணி மாதிரி இருக்கிறதுன்னா அவசரத்துக்கு ஆகும். கொழகொழன்னு ஜெல்லா இருந்தா வேணாம்ணே, கெட்டியாக்குறதுக்குப் போடுற சாமானே காய்ஞ்சப்புறம் துணியில நிக்கும்.

திருநகர் டீச்சர்

எங்கள் வீட்டில் நடந்தது வேறு. பள்ளிக் கண்காட்சிக்கு மகன் செய்த வைகை அணை மாடலைப் பின் சீட்டில் வைத்துக்கொண்டு போனோம். பழங்காநத்தம் பக்கம் ஒரு வேகத்தடையில் வெள்ளை ஃபெவிகால் டப்பா கவிழ்ந்துவிட்டது. அது தண்ணீரில் கரையும் பசை என்பதால் ஈரத்தோடு இருக்கும்போதே வழித்து எடுத்து, வெதுவெதுப்பான தண்ணீரால் துடைத்ததில் சுவடே இல்லை. சொட்டிக் காய்ந்த ஓரங்கள்தான் மறுநாள் படுத்தின. ஈரத்துணியைப் போட்டு ஊறவைத்த பிறகு அவையும் இளகின. குளூகன் பசை ஒரு சொட்டு சீட்டில் விழுந்து கெட்டியாகியிருந்தது. அதற்கு மட்டும் மேலே சொன்ன ஆல்கஹாலை ஓரமாக விட்டேன், சில்லு போல அப்படியே கழன்று வந்தது. சொந்தக் கையால் செய்தவற்றில் இவ்வளவு சுலபமாக முடிந்தது இது ஒன்றுதான்!

கீழவாசல் சீட்கவர்

டீச்சர் சொன்னதுலதான் விஷயமே இருக்கு. என்ன பசைன்னு தெரியாம மருந்து தேடக்கூடாது. நான் சீட் கவர் தைக்கிறவன், இந்தக் கேஸ் வாரா வாரம் வரும்.

ஒருத்தர் டபுள் டேப் பசைக்குப் பெட்ரோலை நனைச்சுத் தேய்ச்சுக் கொண்டாந்தார். பசை போயிருச்சு, துணியும் சேர்ந்து போயிருச்சு. வண்டி சீட்டுத் துணிக்கு உள்பக்கம் மெல்லிசா ஒரு ஃபோம் ஒட்டியிருக்கும். பெட்ரோல், தின்னர் எல்லாம் உள்ள இறங்கினா அந்த ஒட்டு விட்டு, மேல்துணி கொப்புளம் கொப்புளமா எழும்பும். அப்புறம் நான் தச்சுத்தான் ஆகணும். எனக்கு வருமானம்தான், இருந்தாலும் சொல்றேன். வாடையும் லேசுல போகாது. பூட்டின வண்டிக்குள்ள பெட்ரோல் ஆவி நிக்கிறது எவ்வளவு ஆபத்துன்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

ஃபெவிக்விக் சிந்தினா கதையே வேற. ஈரமா இருக்கேன்னு பஞ்சாலயோ காட்டன் துணியாலயோ துடைச்சிராதீங்க. அந்தப் பசை பஞ்சுல பட்டதும் சட்டுனு இறுகும், அந்த வேகத்துல கை சுடுற அளவுக்குச் சூடேறும், புகையே வரும். தொடாம காயவிடுங்க. காய்ஞ்சப்புறம் மேலாக நொறுக்கி எடுத்துட்டு, மிச்சத்துக்கு அசிட்டோன். நெயில் பாலிஷ் ரிமூவர் வாங்கினா அசிட்டோன் உள்ளதான்னு டப்பாவைப் பார்த்து வாங்குங்க, இல்லாததும் விக்குது. பாலியெஸ்டர் துணி அசிட்டோனைத் தாங்கும். சீட்டு பக்கத்துல இருக்கிற பிளாஸ்டிக் தாங்காது, ஒரு சொட்டு தெறிச்சாலும் பளபளப்பு போய் வெளுத்துரும். அதனால சுத்தி மறைச்சுட்டுச் செய்யணும்.

சீட்டோட பக்கவாட்டுல ஏர்பேக்னு சின்ன துணிச்சீட்டு தச்சிருந்தா அங்க எதையும் ஊறவைக்காதீங்க. சீட்டுக்கு அடியில ஒயர் ஓடும், சீட் பெல்ட் போடச் சொல்லிக் கத்துற சென்சார் குஷனுக்குள்ளயே இருக்கும். பெல்ட்லயே பசை ஒட்டியிருந்தா தின்னரும் வேணாம், அசிட்டோனும் வேணாம், மிதமான சோப்புத் தண்ணி மட்டும். அந்த நாடாவோட பலம் குறைஞ்சா வெளியில பார்த்துத் தெரியாது, உயிர் அதுலதான் தொங்குது.

கடைசித் தண்ணி போர் தண்ணியா இருந்தா காய்ஞ்சதும் உப்பு வெள்ளையா வளையம் போட்டு நிக்கும். அதைப் பார்த்துட்டு பசை போகலைன்னு மறுபடி தேய்ப்பாங்க. கேன் தண்ணி ஒரு டம்ளர் எடுத்து அதுல முடிங்க. குஷன்ல ஈரத்தோட கண்ணாடியை ஏத்திப் பூட்டினா நாத்தம் எடுக்கும்.

மேலூர் வண்டிக்காரன்

ஃபெவிக்விக் பத்திச் சொன்னது நூத்துக்கு நூறு. பழைய வண்டி வாங்கினேன், முதல் ஓனர் பின் சீட்டுல ஏதோ பொம்மை ஒட்டும்போது சிந்தி வச்சிருந்தார். அசிட்டோன் போட்டதுல சொரசொரப்பு போச்சு, உக்காந்தா குத்தல. ஆனா சாம்பல் துணியில காசளவுக்கு ஒரு நிறம் மங்கல் நிக்குது. கீழவாசல் அண்ணே, அந்த ஒரு பேனலை மட்டும் மாத்தித் தைக்க முடியுமா, இல்ல சீட்டு முழுக்கப் பிரிக்கணுமா?

கீழவாசல் சீட்கவர்

பேனல் மட்டும் மாத்தலாம். ஆனா புதுத்துணி பழசோட நிறத்துக்குச் சேராது, இப்ப தெரியுற மங்கலைவிட அதுதான் பளிச்சுனு தெரியும். காசளவுதானே, விட்டுருங்க.