தசை நீண்டுகொண்டே தாங்குவதற்கு ஒரு சொல்

அனைவருக்கும் வணக்கம்.

தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்கும் எக்சென்ட்ரிக் கன்ட்ராக்‌ஷனுக்குப் போன மடலில் நம் கலைச்சொல் குழு அண்ணன் ‘நீட்சிச் சுருக்கம்’ என்று எழுதியிருந்தார். எனக்கு ஒப்பவில்லை. நீள்கிற ஒன்றைச் சுருக்கம் என்றால் படிக்கிறவர் என்ன செய்வார்? ஆங்கிலத்தில் தசை நீண்டாலும் ‘சுருக்கம்’ என்றே சொல்கிறார்கள்; அந்த வம்பை நாமும் விலைக்கு வாங்க வேண்டுமா?

தசைக்கு இழுக்க மட்டும்தான் தெரியும், தள்ளத் தெரியாது. அதனால்தான் முழங்கையை மடக்க மேற்கையின் முன்னால் இருதலைத்தசை (பைசெப்ஸ்), நீட்டப் பின்னால் முத்தலைத்தசை (டிரைசெப்ஸ்). டம்பெல்லைத் தூக்கும்போது இருதலைத்தசை குறுகி முன்கையை மேலே கொண்டுவருகிறது. இதில் யாருக்கும் சந்தேகமில்லை. இறக்கும்போதுதான் குழப்பம். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் என்னிடம் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளைக் கேட்டால், ‘கை நீளுதே, அப்போ முத்தலைத்தசைதான்’ என்பார்கள். இல்லை. மெதுவாக இறக்கும்போதும் பாரம் இருதலைத்தசையின் மேல்தான். கிணற்றுக்குள் வாளியை இறக்குகிறவர் கயிற்றைப் பிடித்தபடியே கொஞ்சங்கொஞ்சமாக விடுவாரே, அதே வேலை. மறு கையால் தொட்டுப் பாருங்கள்: முன்புறம் இறுகியிருக்கும், பின்புறம் தொளதொளவென்று கிடக்கும்.

மூட்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இருதலைத்தசையின் நாண் முழங்கை மூட்டிலிருந்து ஏறத்தாழ 4 செ.மீ. தள்ளி ஒட்டியிருக்கிறது. டம்பெல்லோ 32 செ.மீ.க்கு அப்பால், உள்ளங்கையில். முன்கை கிடையாக இருக்கையில் 5 கிலோவைத் தாங்க, மடக்கும் தசைகள் 40 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டும். இது முன்கையின் சொந்த எடையைச் சேர்க்காத கணக்கு. 5 போக மீதி 35 கிலோ அழுத்தம் மூட்டில் விழுகிறது. கையைத் தொப்பென்று விட்டால், தசை தாங்க வேண்டியதைக் கடைசியில் மூட்டைக் கட்டியிருக்கும் நார்கள் தாங்க வேண்டிவரும்.

ஆகவே எக்சென்ட்ரிக்குக்கு என் பரிந்துரை: விட்டுப்பிடிப்பு. தசை குறுகியபடி தூக்கும் கான்சென்ட்ரிக்குக்குக் குறுக்கிப்பிடிப்பு, அசையாமல் தாங்கும் ஐசோமெட்ரிக்குக்கு நிலைப்பிடிப்பு.

*

அக்கா, பினாங்கிலிருந்து வணக்கம். சொல் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் பிசியோதெரபி பார்ப்பவன். ‘பிடிப்பு’ என்று வாயெடுத்தாலே நோயாளிகள் தசைப்பிடிப்பு என்று காலை நீவத் தொடங்கிவிடுவார்கள். ‘விட்டிழுப்பு’ சரிவருமா?

*

தம்பி, இழுப்பு என்றால் வீட்டுப் பெரியவர்களுக்கு மூச்சிழுப்புதான் ஞாபகம் வரும். ‘முறுக்கம்’ என்று வைக்கலாமென்றால், மூட்டைச் சுழற்றும் விசைக்கு முறுக்குவிசை என்ற சொல்லை ஏற்கெனவே கொடுத்துவிட்டோம்.

நீங்கள் சொன்ன இடைஞ்சல் நியாயமானது. அப்படியானால் ‘பிடிப்பு’ வேண்டாம், ‘விட்டுப்பிடித்தல்’ என்று வைப்போம். நோய்க்கு அந்த வடிவத்தை யாரும் சொல்வதில்லை. வினையாகவும் வளைந்து கொடுக்கிறது: ‘மூணு எண்ணும்வரை விட்டுப்பிடி’ என்று ஜிம்மில் சொன்னால் விளக்கமே வேண்டாம்.

எழுத்திலும் ஓட்டிப் பார்த்தேன்: ‘பத்துமலையின் 272 படிகளில் ஏறும்போது மூச்சு வாங்கும், மறுநாள் தொடை வலிப்பது பெரும்பாலும் இறங்கியதால். ஒவ்வொரு படியிலும் முழங்கால் மடங்க மடங்க, தொடையின் முன்தசை நீண்டபடியே உடல் எடையை விட்டுப்பிடிக்கிறது. தசையிழைகளில் நுண்ணிய சிதைவு ஏற்படுவது இந்த வேலையில்தான் அதிகம்.’ இந்த இடத்தில் ‘நீட்சிச் சுருக்கம் செய்கிறது’ என்று போட்டுப் படித்துப் பாருங்கள்.

குறுக்கிப்பிடித்தல் மட்டும் எனக்கே நெருடுகிறது. குறுக்கே பிடிப்பது போல ஒலிக்கிறது. அண்ணனிடம் மாற்று இருந்தால் அனுப்பட்டும்.