இலங்கை நாடாளுமன்றத் தேர்தல்: விருப்பு வாக்கு மட்டும் போட்டால் செல்லுமா?

கேள்வி: கட்சிக்குப் புள்ளடி (X அடையாளம்) போடாமல், பிடித்த வேட்பாளரின் இலக்கத்துக்கு மட்டும் (அதாவது விருப்பு வாக்கு மட்டும்) போட்டால் எண்ணுவார்களா?

பதில்: எண்ணமாட்டார்கள். முதலில் கட்சி அல்லது சுயேச்சைக் குழுவின் சின்னத்துக்கு நேரே ஒரு புள்ளடி. பிறகுதான், வாக்குச்சீட்டின் அடியிலுள்ள இலக்கங்களில் அதே கட்சி அல்லது குழுவின் வேட்பாளர்களுக்கு அதிகபட்சம் 3 விருப்பு வாக்குகள். இரண்டு கட்சிகளுக்குப் போட்டால் முழுச்சீட்டும் நிராகரிக்கப்படும். 3ஐத் தாண்டினால் விருப்பு வாக்குகள் மட்டும் வீணாகும், கட்சி வாக்கு நிற்கும்.

கேள்வி: விருப்பு வாக்கே போடாவிட்டால்?

பதில்: செல்லும். ஆனால் தயவுசெய்து போடாமல் விடாதீர்கள். 225 ஆசனங்களில் 196ஐ மாவட்ட வாரியாகவும் 29ஐத் தேசியப் பட்டியலிலும் (நாடு முழுதும் பெற்ற வாக்குக்கேற்ப) பங்கிடுவது கட்சி வாக்கு. மாவட்டத்தில் 5 வீதத்துக்குக் குறைந்த கட்சி கணக்கிலேயே வராது. முதலிடத்துக்கு ஒரு போனஸ் ஆசனம். அந்த மாவட்ட ஆசனங்களில் யார் உட்காருவது என்பதை விருப்பு வாக்குத்தான் தீர்மானிக்கும்.