கட்டுரை ஏடுகளில் வாக்கியப் பிழையைப் பகுத்துப் பார்ப்பது எப்படி?

கேள்வி: உயர்நிலைப்பள்ளித் தமிழாசிரியை

அனைவருக்கும் வணக்கம். ஒன்பதாம் வகுப்புக் கட்டுரை ஏடுகளைத் திருத்தும்போது ஒற்றுப் பிழையையும் எழுத்துப் பிழையையும் எளிதில் வட்டமிட்டுவிடுகிறேன். வாக்கியமே குலைந்து கிடக்கும் இடங்களில்தான் எதை வட்டமிடுவது என்று விளங்குவதில்லை. சுற்றுலாக் கட்டுரை ஒன்றில் கண்டது: ‘நாங்கள் பேருந்தில் ஏறி ஓட்டுநர் வண்டியை எடுத்து மழை பிடித்துக்கொண்டு எல்லோரும் சன்னலை மூடினார்கள்.’ தனித்தனிச் சொல்லில் குறையில்லை. ஆனால் படிக்கையில் இடறுகிறது. அதே கட்டுரையில் ‘மாடுகள் மேய்ந்தது’, ‘ஒவ்வொரு மாணவர்களும் பாடினார்கள்’ ஆகியனவும் உள்ளன. இவற்றை மாணவருக்குப் புரியும்படி எவ்வாறு வகைப்படுத்துகிறீர்கள்?

மறுமொழி: பதிப்பகப் பிழைதிருத்துநர்

வணக்கம் அம்மா. நான் முதலில் வினைமுற்றுக்கு அடிக்கோடிடுவேன். தாங்கள் காட்டிய வாக்கியத்தில் முற்று ஒன்றே, ‘மூடினார்கள்’. ‘ஏறி’, ‘எடுத்து’, ‘பிடித்துக்கொண்டு’ மூன்றும் வினையெச்சங்கள். ஒவ்வொரு வினையிடமும் ‘யார், எது?’ என்று கேட்டுப் பாருங்கள்: நாங்கள், ஓட்டுநர், மழை, எல்லோரும் என நான்கு எழுவாய்கள் வந்து நிற்கும். ‘ஏறி’, ‘எடுத்து’ போன்ற, ‘செய்து’ என்னும் வாய்பாட்டு எச்சம் தனக்கும் முடிக்கும் வினைக்கும் ஒரே எழுவாயை வேண்டும் என்பது தொல்காப்பியமும் நன்னூலும் சொல்லும் விதி. எழுவாய் மாறும் இடத்தில் எச்சமும் மாற வேண்டும், அல்லது வாக்கியத்தை முறிக்க வேண்டும்: ‘நாங்கள் ஏறியதும் ஓட்டுநர் வண்டியை எடுத்தார். சற்று நேரத்தில் மழை பிடித்துக்கொள்ளவே, எல்லோரும் சன்னலை மூடினோம்.’ ‘மூடினார்கள்’ என்பதை ‘மூடினோம்’ ஆக்கியிருப்பதையும் கவனியுங்கள். ‘நாங்கள்’ என்று தொடங்கிய மாணவர் இறுதியில் தம்மை மறந்து படர்க்கைக்குத் தாவிவிட்டார்.

மறுமொழி: மொழியியல் ஆய்வு மாணவர்

மேலே ஐயா சொன்ன விதி சரியே. ஆனால் அதை வைத்துக்கொண்டு எழுவாய் மாறும் எல்லா ‘செய்து’ எச்சத்தையும் சிவப்பு மையால் அடித்துவிட வேண்டாம். ‘மழை பெய்து குளம் நிறைந்தது’ என்பதை எந்தத் தமிழரும் பிழையாக உணர்வதில்லை. அங்கே ‘பெய்து’ என்பது ‘பெய்ய’ என்னும் பொருளில் நின்று காரணத்தைத் தருகிறது. சொல் திரிந்தாலும் பொருள் திரியாத இவ்வகை எச்சத்துக்கு நன்னூல் இடம் கொடுக்கிறது. ‘ஞாயிறு பட்டு வந்தான்’ (சூரியன் மறைய அவன் வந்தான்) என்பது உரைகளில் வரும் பழைய எடுத்துக்காட்டு. சுற்றுலா வாக்கியம் இடறுவதற்குக் காரணம், ஓட்டுநர் வண்டியை எடுத்ததற்கும் மழை பிடித்ததற்கும் அத்தகைய காரணத் தொடர்பு இல்லாமையே.

‘மாடுகள் மேய்ந்தது’ வேறு வகை. பேச்சில் ‘மாடுங்க மேயுது’ என்றே சொல்கிறோம். அஃறிணை வினையில் ஒருமை, பன்மை வேறுபாடு பேச்சில் மங்கிவிட்டதால், ‘மேய்ந்தன’ என்பது மாணவர் எழுத்துக்காகத் தனியே கற்க வேண்டிய வடிவம். அதே மாணவர் ‘பையன்கள் வந்தது’ என்று எழுதியிருக்கிறாரா என்று தேடிப் பாருங்கள், பெரும்பாலும் கிடைக்காது. ‘ஒவ்வொரு மாணவர்களும்’ என்பதோ ‘ஒவ்வொரு மாணவரும்’, ‘எல்லா மாணவர்களும்’ என்ற இரண்டும் கலந்து பிறந்தது.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. ‘யார், எது?’ என்ற கேள்வியை மாணவர்களே தங்கள் ஏட்டில் கேட்டுப் பார்க்கும்படி செய்யப்போகிறேன். மதிப்பெண்ணை எப்படிக் குறைப்பது என்பதில் மட்டும் தயக்கம் இருக்கிறது.

மறுமொழி: ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்

எல்லாவற்றுக்கும் குறைத்தால், அடுத்த கட்டுரையில் அந்த மாணவர் ‘மழை பெய்தது. சன்னலை மூடினோம்.’ என்று நறுக்கி எழுதித் தப்பித்துக்கொள்வார், அம்மா. ஒரு கட்டுரைக்கு ஒரு வகைப் பிழையை மட்டும் கணக்கில் எடுத்து, மற்றவற்றை ஓரத்தில் குறித்துவிடுங்கள். நீண்ட வாக்கியத்தைக் கட்ட முயன்று தடுமாறியவருக்கு, முயலாமலே பிழையின்றி எழுதியவரைவிட நான் ஒரு மதிப்பெண் கூடுதலாகவே இட்டு வந்தேன்.