நாரிப்பிடிப்புக்கு ஊசி குத்தினவர்கள் சொல்லுங்கோ

கோண்டாவிலான்:
தோட்டத்தில் தண்ணிப் பம்பைத் தூக்கப்போய்ப் பிடித்த நாரி. குளிசை, பூச்சு, ஒத்தடம் எல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதைதான். கடைசியில் அக்குபஞ்சர். நோ நாரியில்; அவரோ குப்புறப் படுக்கவைத்து முழங்காலின் பின்மடிப்பில் குத்துகிறார். தலைமயிர் போல ஊசி, குத்தினதே தெரியவில்லை. பிறகு விரலால் உருட்டினார் பாருங்கோ, கனத்த உளைவொன்று கெண்டைக்கால் வழியே குதிவரைக்கும் இறங்கியது. “வந்திட்டுதா?” என்று கேட்டார். அது வந்தால்தான் ஊசி சரியான இடத்தில் நிற்கிறதாம். அந்த நேரம் பார்த்து ஊசித் தலையில் ஒரு ஈ வந்து குந்தியது. அசையவும் ஏலாது, கலைக்கவும் ஏலாது. எழும்பும்போது நாரி லேசாகத்தான் இருந்தது. ஊசியாலா, அசையாமல் கிடந்ததாலா?

சுன்னாகம்_வாத்தி:
எனக்கும் கழுத்துக்குக் குத்தினார்கள். நல்ல நித்திரை வந்தது, கழுத்து அப்படியே. ஜேர்மனியில் நாட்பட்ட நாரி நோக்காரர் ஆயிரத்துக்கு மேற்பட்டோரை வைத்துச் செய்த ஆய்வு 2007இல் வெளிவந்தது. முறைப்படி குத்தியதில் சுகம் கண்டவர்கள் ஏறத்தாழ 48 வீதம். அக்குபஞ்சர் புள்ளியில்லாத இடத்தில் மேலோட்டமாகக் குத்தியதிலும் 44 வீதம்! வழமையான சிகிச்சையில் 27தான். அப்ப அந்தப் புள்ளிக்கு என்ன வேலை? ஊசி பட்டால் உடம்பு எண்டோர்பின் சுரந்து நோவைத் தணிக்கும் என்றால் நம்பலாம். அவர்கள் சொல்லும் ‘சி’ என்ற உயிராற்றல் ஓடும் பாதையை உடலை வெட்டிப் பார்த்த எவரும் காணவில்லை.

மானிப்பாய்_அக்கா:
வாத்தியார், சத்திக்கு என்ன சொல்லுவீர்கள்? கொழும்பு பஸ்ஸில் முறிகண்டி வரமுன்பே பையைப் பிடிக்கிற ஆள் நான். மணிக்கட்டு மடிப்பிலிருந்து முழங்கைப் பக்கமாக மூன்று விரல் தள்ளி அழுத்தப் பழக்கினார்கள். அந்தமுறை முறிகண்டியில் இறங்கிக் கச்சான் வாங்கித் தின்றேன். சத்திரசிகிச்சைக்குப் பிறகு வரும் சத்திக்கும் அந்தப் புள்ளி உதவுவதாக நல்ல ஆய்வுகளே இருக்கின்றன.
சரி, போகிறவர்கள் கேளுங்கோ. ஊசிப் பக்கற்றை உங்கள் கண்முன்னால் உடைக்கவேண்டும். இரத்தம் உறையாமலிருக்க வாபரின் குளிசை குடிப்பவர்கள் முதலே சொல்லவேண்டும். பிள்ளைத்தாச்சிகளும் மறைக்கவேண்டாம், பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிலுள்ள புள்ளியை அவர்களுக்குத் தொடுவதில்லை. நெஞ்சுப்பக்கம் ஆழக் குத்தவிடாதீர்கள், அரிதென்றாலும் நுரையீரலில் ஓட்டை விழுந்திருக்கிறது. வெறும் வயிற்றோடு போனால் தலைசுற்றும். கோண்டாவில் தம்பி, பம்பைத் தூக்க ஒரு ஆளைப் பிடியும்.

கோண்டாவிலான்:
அக்கா, நான் கேட்டது ஒன்று.

நல்லூர்க்காரி:
அம்மாவின் முழங்காலுக்குப் போனோம். முழங்கால் பரவாயில்லை. ஆனால் குத்தினவர், “பிரஷர் குளிசையை இனி நிப்பாட்டுங்கோ” என்று சொல்லிவிட்டார். அம்மா குளிசைப் பெட்டியைச் சுவாமிப் படத்துக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்ததை நான் கண்டது, கிளினிக்கில் 190 காட்டின பிறகுதான்.