இந்தச் சன்ஃபிஷ் குஞ்சுகள் என்ன வகை? யாராவது சொல்லுங்களேன்

வணக்கம் நண்பர்களே. ஒன்டாரியோவில் எங்கள் ஊர் ஏரிக்கரையில், பாசிக்குள் பார்த்தால் ஒரே சன்ஃபிஷ் (ஒரு நன்னீர் மீன் குடும்பம்) குஞ்சுகள், எல்லாம் கட்டைவிரல் நீளம்தான், இதில் எது புளூகில் வகை, எது பம்ப்கின்சீட் வகை என்று பிரித்தறிய உதவி வேண்டும். வளர்ந்த மீன் என்றால் சிக்கல் இல்லை: பம்ப்கின்சீடுக்குச் செவுள் மடலின் நுனியில் சிவப்புப் புள்ளி, கன்னத்தில் நெளிநெளியாய் நீலக் கோடுகள், புளூகில்லுக்கு அந்த மடல் முழுக்கக் கறுப்பு, முதுகுத் துடுப்பின் பின்பக்க அடியில் ஒரு கரும்புள்ளி. குஞ்சுகளில் இந்த நிறமெல்லாம் இன்னும் சரியாக ஏறவில்லை, வெளிறிய உடம்பும் மங்கலான செங்குத்துப் பட்டைகளும்தான் தெரிகின்றன.

ஒன்றுக்கு மட்டும் வாய் பெரிது, மேல்தாடை கண்ணுக்குக் கீழே வரை வருகிறது, துடுப்பிலும் கரும்புள்ளி இருக்கிறது. கிரீன் சன்ஃபிஷ் என்ற இன்னொரு வகை என்றுதான் நினைக்கிறேன், ஆனால் இந்த வகைகள் ஒன்றோடொன்று சுலபமாகக் கலக்கும் என்பதால் கலப்பினமோ என்றும் சந்தேகம். இந்த அளவில் எந்த அடையாளத்தை நம்பலாம்? மார்புத் துடுப்பு நீண்டு கூராக இருக்கிறதா, குட்டையாக வட்டமாக இருக்கிறதா என்று பார்ப்பது குஞ்சுக்கும் பொருந்துமா? பக்கவாட்டில் எடுத்த படங்களைக் கீழே போடுகிறேன். பார்த்தவர்கள், எதை வைத்து முடிவு செய்தீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், ப்ளீஸ்.